ஒரு ராத்திரி தங்கிப் பாருங்கள்

தூத்துக்குடிக்கு வரும் வாசகர்களின் கேள்விகளுக்கு, 14 வருடங்களாக வேன் வைத்து ஊர் சுற்றிக் காட்டும் திரேஸ்புரத்துப் பெண் ஒருவர் பதில் சொல்கிறார்.

அக்கா, மாசித் திருவிழாக் கூட்டம் ஓய்ந்ததும் மாமனார் மாமியாரோடு திருச்செந்தூர் வருகிறோம். வழியில் தூத்துக்குடிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாமா என்று கேட்டதற்கு, "அங்கே என்ன இருக்கு? உப்பும் கரியும்தான்" என்கிறார் கார் டிரைவர். நிஜமாகவே ஒன்றும் இல்லையா?
— ஒரு வாசகி, ஈரோடு

தங்கச்சி, டிரைவர் மேல் தப்புச் சொல்ல மாட்டேன். திருச்செந்தூரில் காலையில் சாமி கும்பிட்டுவிட்டு இங்கே வந்து சேரும்போது பகல் 12 மணி ஆகிவிடும். அந்த நேரத்தில் உப்பளத்தில் ஆள் இருக்காது. மீன் ஏலம் விட்ட இடத்தைக் கழுவி விட்டிருப்பார்கள். சிவன் கோவில் நடை சாத்தியிருக்கும். வெயில் மட்டும் இருக்கும். அவர் பார்த்த தூத்துக்குடி அதுதான்.

எங்கள் ஊர் விடியற்காலையிலும் ராத்திரியிலும் வேலை செய்கிற ஊர். அதனால் என்னிடம் கேட்கிற எல்லாரிடமும் ஒன்றைத்தான் சொல்வேன்: ஒரு ராத்திரி தங்குங்கள். திருச்செந்தூர் 40 கிலோமீட்டர்தான், மறுநாள் போனாலும் முருகன் அங்கேதான் இருப்பார்.

நான்கு மணிக்கு வந்து சேர்ந்தால் முதலில் பனிமய மாதா கோவில். அங்கிருந்து பீச் ரோடு, அப்படியே திரேஸ்புரம். சனிக்கிழமையாக இருந்தால் இன்னும் நல்லது. கடலில் தங்கித் தொழில் பார்த்த நாட்டுப் படகுகள் அன்றைக்குத்தான் மொத்தமாகக் கரைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை குழம்புக்கு ஊரே மீன் வாங்குவதால் ஏலம் சூடு பிடிக்கும். சீலா, விளைமீன், ஊளி, பாறை என்று மணலில் குவித்து வைத்திருப்பார்கள். ஏலம் கூறுகிறவர் சொல்கிற வேகத்தில் உங்களுக்கு விலை காதில் ஏறாது. வாங்குகிறவரின் முகத்தைப் பாருங்கள். தலை லேசாக அசையும், மீன் கை மாறிவிடும். நான் பிறந்து வளர்ந்த கரை அது. இன்றைக்கும் அந்தத் தலையசைப்பைப் பார்க்க நின்றுவிடுவேன்.

பெரியவர்களுக்கு மணலில் நடக்கக் கஷ்டமாக இருந்தால் ரோச் பூங்காவில் உட்கார வைத்துவிடுங்கள். கடல் காற்று நன்றாக வரும். ராத்திரி சாப்பாட்டுக்கு யாராவது "நைட் கிளப் போங்க" என்று சொன்னால் மாமியார் பயந்துவிட வேண்டாம். ராத்திரி மட்டும் நடக்கிற பரோட்டாக் கடைக்கு எங்கள் ஊரில் அந்தப் பேர். எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்த பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, மேலே சால்னா ஊற்றித் தருவார்கள். மறுநாள் 5 மணிக்கு எழுந்து உப்பளம். ஒன்பது மணிக்குள் திருச்செந்தூர் ரோட்டைப் பிடித்துவிடலாம், உப்பளம் இருப்பதே அந்த வழியில்தானே.

துறைமுகத்துக்குள் போய்க் கப்பல் பார்க்க முடியுமா? என் மகனுக்குக் கப்பல் என்றால் உயிர்.
— ஒரு வாசகர், சிவகாசி

புதுத் துறைமுகத்துக்குள் முன் அனுமதி இல்லாமல் விட மாட்டார்கள். பாதுகாப்பு கடுமை. மகனை அழைத்துக்கொண்டு வாசல் வரை போய்த் திரும்பி வராதீர்கள், பிள்ளை ஏமாந்துவிடும்.

ஆனால் அவனுக்குக் காட்ட வேண்டியது பழைய துறைமுகத்துத் தோணிகளைத்தான் என்பேன். பெரிய கப்பல் எந்த ஊரிலும் உண்டு. மரத்தால் கட்டின சரக்குத் தோணி மாலத்தீவுக்கு இன்றும் போய் வருவது இங்கேதான். காய்கறி, வெங்காயம், பலசரக்கு, செங்கல், ஜல்லி என்று ஒரு தீவு நாட்டு வீடுகளுக்கு வேண்டிய சாமானெல்லாம் அதில் போகிறது. இப்போது எஞ்சின் இருக்கிறது, ஆனால் பாய்மரத்தை விடவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் தோணி ஓட்டம் நின்றுவிடும். அதனால் ஜூன், ஜூலையில் வந்தால் ஓய்வாகக் கட்டிப் போட்டிருப்பதைத்தான் பார்க்கலாம். உள்ளே போக இங்கேயும் அனுமதி வேண்டும். பீச் ரோட்டிலிருந்தே பாய்மரக் கம்பங்கள் தெரியும்.

கம்பங்களைக் காட்டும்போது வ.உ.சி. கதையையும் சொல்லிவிடுங்கள். 1906-ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்து, காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்களை வாங்கிக்கொண்டு வந்து, இங்கிருந்து கொழும்புக்கு ஓட்டினார். எதிரியான வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, சும்மாகூட ஏற்றிக்கொண்டது, ஏறுகிறவர்களுக்குக் குடை கொடுத்தது என்று சொல்வார்கள். குடை என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். 14 வருடத்தில் அந்த இடத்தில் கேள்வி கேட்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை. 1908 மார்ச்சில் அவரைக் கைது செய்தார்கள், அப்புறம் கோவைச் சிறையில் செக்கு இழுத்தார். துறைமுகம் 1974-ல் பெருந்துறைமுகம் ஆனது. அவர் பேரை வைத்தது 2011-ல்.

இன்னொன்று. 1658-ல் இந்த ஊரைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்த டச்சுக் கம்பெனிக்கும் சுருக்கப் பேர் வி.ஓ.சி.தான். கடலைக் கையில் வைத்திருந்த கம்பெனிக்கும், அந்தக் கடலைத் திரும்பக் கேட்ட வ.உ.சி.க்கும் ஆங்கிலத்தில் ஒரே மூன்று எழுத்து. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

உப்பளத்தைப் படம் எடுக்க வருகிறேன். எந்த மாதம், எத்தனை மணிக்கு வந்தால் வெளிச்சம் நன்றாக இருக்கும்? சன்மானம் கொடுத்தால் தொழிலாளர்கள் நிற்பார்களா?
— ஒரு இளைஞர், கோவை

தம்பி, இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

மாதம் பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை. அக்டோபரில் மழை தொடங்கினால் பாத்தியெல்லாம் வெறும் குளம். அந்த மாதங்களில் வேலையே இருக்காது. மழைக்கால நிவாரணமாக அரசு 5,000 ரூபாய் கொடுக்கிறது, அது எத்தனை நாளைக்கு வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நேரம், விடிவதற்கு முன்னால். முத்தையாபுரம் தாண்டி ரோட்டுக்கு இரண்டு பக்கமும் உப்பளம்தான். இருட்டிலேயே ஆட்கள் இறங்கிவிடுவார்கள். ஏனென்றால் வெயில் ஏறிவிட்டால் வெள்ளை உப்பிலிருந்து அடிக்கிற ஒளி கண்ணை அறுக்கும். வருடக் கணக்காக அதில் நின்றவர்களுக்குப் பார்வை போகிறது, பாதம் வெடிக்கிறது.

உப்பு எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டு வந்தால் படம் வேறு மாதிரி இருக்கும். கடல் தண்ணீரோ, நிலத்தடியில் ஊறிய உப்புத் தண்ணீரோ, பாத்தி பாத்தியாக மாற்றி மாற்றிக் காய விடுவார்கள். கடல் தண்ணீரின் அடர்த்தி போமே அளவில் 3 டிகிரி சுமாருக்கு இருக்கும். இந்த டிகிரி சூட்டுக்கு இல்லை, உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதற்கு. அது காய்ந்து காய்ந்து 25 டிகிரிக்கு வரும்போது உப்பு பூக்கும். பூக்கும் என்றுதான் சொல்வோம். தண்ணீர் மேல் மெல்லிசாக ஒரு வெள்ளை ஆடை படியும், தொட்டால் உடைந்து அடியில் போய் உட்காரும். 30 டிகிரியை நெருங்கவிட்டால் கசப்பு ஏறிவிடும், அதற்குள் மிச்சத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். நீளக் கம்பின் முனையில் பலகை வைத்த வாருகோலால் இழுத்து இழுத்து வரப்பு ஓரம் சேர்ப்பார்கள். அந்த இழுப்புச் சத்தம், ஈர உப்பு மேல் பலகை உரசுகிற சத்தம், உங்கள் கேமராவில் வராது. ஐந்து நிமிடம் கேமராவைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். அப்புறம் பெண்கள் அதைத் தலையில் சுமந்து மேட்டில் கொட்டுவார்கள். கூடையிலிருந்து வழிகிற தண்ணீர் கழுத்து வழியாக இறங்கும். தலையில் சும்மாடு, காலில் பழைய சாக்ஸ் அல்லது ரப்பர் பூட்ஸ். சிலருக்கு அதுவும் இல்லை.

"நிற்பார்களா" என்று கேட்டீர்கள். நிற்க வைக்காதீர்கள் தம்பி. மூன்று வருடத்துக்கு முன்னால் வெளியூர்க் குழு ஒன்று பஸ்ஸில் வந்தது. படம் நன்றாக வரவில்லை என்று ஒரு அக்காவைக் கொட்டின கூடையை மறுபடி நிரப்பித் தூக்கச் சொன்னார்கள். அதோடு, பூத்திருந்த பாத்தியில் செருப்புக் காலோடு நடந்துபோய்ச் செல்ஃபி எடுத்தார்கள். அந்தப் பாத்தியில் உப்பு மண்ணோடு கலந்துவிட்டது. அன்றைக்கு நான் வேறு ஆட்களோடு அங்கே நின்றிருந்தேன். அந்த அக்கா ஒன்றும் சொல்லவில்லை, திரும்பி வாருகோலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் என் வேனில் வருகிறவர்களுக்கு மூன்று விஷயம் சொல்லித்தான் இறக்குவேன். வரப்பில் மட்டும் நடக்க வேண்டும். வேலையை மேற்பார்க்கிற கங்காணியிடமும் வேலை செய்கிறவரிடமும் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. போகும்போது நல்ல குடிதண்ணீர் கேன் ஒன்று கொண்டுபோக வேண்டும். அங்கே அதற்குத்தான் பஞ்சம். பணம் கொடுக்க நினைத்தால் வேலை முடிந்து வீட்டுக்குப் புறப்படும்போது, பேர் கேட்டு, கையில் கொடுங்கள்.

நாங்கள் இந்துக்கள். பனிமய மாதா கோவில் திருவிழாவுக்கு வரலாமா? தங்கத் தேர் ஒவ்வொரு வருடமும் உண்டா?
— ஒரு வாசகி, மதுரை

தாராளமாக வாருங்கள் அம்மா. ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 பெருவிழா. அந்தப் பதினொரு நாளும் ஊரில் சாதி மதம் பார்க்காமல் எல்லோரும் அங்கேதான். பிள்ளை இல்லாதவர்கள், கல்யாணம் தள்ளிப்போனவர்கள் வேண்டிக்கொண்டு வந்து நிற்பதை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன்.

தங்கத் தேர் வருடா வருடம் கிடையாது. 1806-ல் முதல் தடவை இழுத்தார்கள். அதன் பிறகு விசேஷ வருடங்களில் மட்டும்தான். கடைசியாக 2023 ஆகஸ்ட் 5-ல் ஓடியது. என் அம்மா ஒரு கையால் என் தோளையும் மறு கையால் வடத்தையும் பிடித்திருந்தார். மாதா சொரூபம் 1555-ல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பது வழிவழியாக வருகிற செய்தி. இப்போதுள்ள கோவில் 1713-ல் கட்டி முடித்தது, 1982-ல் பசிலிக்கா என்கிற பேராலயம் ஆனது. கூட்டம் ஆகாது என்றால் சாதாரண நாள் ஒன்றில் சாயங்காலம் வாருங்கள். வெளியில் செருப்பைக் கழற்றிவிட்டு, மெழுகுவத்தி ஒன்று வாங்கிக்கொண்டு உள்ளே போங்கள். வெளியே வந்ததும் குரூஸ் பர்னாந்து சிலையைப் பாருங்கள். நகராட்சித் தலைவராக இருந்து வல்லநாட்டிலிருந்து இந்த ஊருக்குக் குழாயில் தண்ணீர் கொண்டுவந்தவர். உப்புத் தண்ணீருக்கு நடுவில் வாழ்கிறவர்களுக்கு அவரும் கும்பிட வேண்டிய ஆள்தான்.

அங்கிருந்து சிவன் கோவிலுக்கும் ஒரு நடை போய்விடுங்கள். சங்கர ராமேஸ்வரர், பாகம்பிரியாள். ஊருக்குத் திருமந்திர நகர் என்றும் ஒரு பேர் உண்டு.

மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குப் படகில் கூட்டிப்போவார்களா?
— ஒரு வாசகர், திருச்சி

மாட்டார்கள், போகவும் கூடாது. தூத்துக்குடிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் இருக்கிற 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. யாராவது கரையில் ரகசியமாக விலை பேசினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பவளப்பாறையை வெட்டி எடுத்த பாவத்தில் எங்கள் பக்கத்து விலாங்குச்சல்லித் தீவு கடலுக்குள் போய்விட்டது. வான் தீவு கரையாமல் இருக்கச் செயற்கைப் பவளப்பாறைகளைப் போட்டிருக்கிறார்கள். நாம் போகாமல் இருப்பதே அந்தத் தீவுகளுக்குச் செய்கிற உதவி. புதுத் துறைமுகத்தை ஒட்டிய முயல் தீவு மட்டும் அந்த 21-ல் சேராது. காணும் பொங்கலுக்கு அங்கே ஊரே கட்டுச்சோறோடு போகும். அன்றைக்கு இங்கே இருந்தால் கூடச் சேர்ந்துகொள்ளுங்கள்.

முத்து நகரம் என்கிறார்கள். நல்ல முத்து எங்கே வாங்கலாம்?
— ஒரு வாசகி, சேலம்

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அரசு இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடத்தியது 1961-ல். இப்போது கடையில் "தூத்துக்குடி முத்து" என்று விற்பது பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிற வளர்ப்பு முத்து. அழகுக்காக வாங்கினால் வாங்குங்கள், அந்தப் பேருக்காக விலை கொடுக்காதீர்கள்.

சங்கு உண்டு. என் அப்பா சங்கு குளித்தவர். அந்தக் காலத்தில் சிலிண்டர் கிடையாது. காலில் கல்லைக் கட்டிய கயிறு, இடுப்பில் ஒரு கயிறு, மேலே வள்ளத்தில் கயிற்றைப் பிடிக்க ஒரு ஆள். அந்த ஆள் என் தாய்மாமா. "மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேணும்னு சொல்வாங்க, கடலுக்குள்ள போனா அதைவிட வேணும்" என்பார் அப்பா. அக்காள் தாலி தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தவன் கயிற்றை விட மாட்டானாம். சின்னச் சங்காக இருந்தால் எடுக்கக் கூடாது. அளவு வளையத்துக்குள் நுழைந்துவிட்டால் திருப்பிக் கடலில் போட்டுவிட வேண்டும். இங்கே எடுக்கிற சங்கு வங்காளத்துக்குப் போய்க் கல்யாணப் பெண் கையில் வளையலாகிறது. வீட்டுப் பூஜைக்கு ஒன்று வேண்டுமானால் ரசீது தருகிற கடையில் வாங்குங்கள். பவளம், கடல்குதிரை என்று நீட்டினால் கைகூட வைக்காதீர்கள். இரண்டும் சட்டப்படி குற்றம்.

மக்ரூன் வாங்கி வந்தால் இரண்டு நாளில் நமத்துப்போகிறது. என்ன செய்வது?
— ஒரு வாசகி, சென்னை

காற்றுப் போகாத டப்பா. வேறு வழியில்லை. முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரிப்பருப்பு, மூன்றே பொருள். வெள்ளைக்கருவை நுரைத்துக் கெட்டியாக்கி, முந்திரித் தூளைச் சேர்த்து, காகிதக் கூம்பில் போட்டுப் பிழிவார்கள். மணிக்கட்டை ஒரு சுற்றுச் சுற்றி மேலே இழுத்தால் நுனியில் சின்ன வால் நிற்கும். மிதமான சூட்டில் மெதுவாக உலர்ந்து வேக வேண்டும், அதனால்தான் ஈரக் காற்று பட்டதும் உறிஞ்சிக்கொள்கிறது. மழை நாளில் வாங்காதீர்கள். ரயிலில் போகிறவர்கள் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறும் முன் கடைசி வேலையாக வாங்குங்கள். பேக்கரிகளில் சிலர் கேட்டால் பிழிகிற இடத்தையும் காட்டுவார்கள்.

நாற்பது மாணவர்களோடு ஒரே நாளில் வரலாற்று இடங்களைப் பார்க்க வேண்டும். வழி சொல்லுங்கள்.
— ஒரு ஆசிரியர், அருப்புக்கோட்டை

ஐயா, நீங்கள் வருகிற வழியிலேயே எட்டயபுரம். பாரதி பிறந்த வீடு, 1947-ல் திறந்த மணிமண்டபம். அப்புறம் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி. கோட்டை இப்போது இருப்பது 1974-ல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை, பழையதை 1799-லேயே வெள்ளைக்காரன் இடித்துவிட்டான். இதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பக்கத்திலேயே ஒட்டப்பிடாரம், வ.உ.சி. பிறந்த வீடு. மூன்று பேரையும் ஒரே காலைப் பொழுதில் பார்த்துவிடலாம். மதியத்துக்கு மேல் ஆதிச்சநல்லூர் போங்கள். தோண்டின குழியைக் கண்ணாடிக்குக் கீழே அப்படியே வைத்திருக்கிறார்கள், மேலே நின்று முதுமக்கள் தாழிகளைப் பார்க்கலாம். கொற்கையை இன்னொரு நாளைக்கு வையுங்கள். பாண்டியர் துறைமுகமாக இருந்த ஊர், இன்று கடல் பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. வயலுக்கு நடுவில் நின்று "இங்கேதான் கப்பல் வந்தது" என்று சொல்ல வேண்டும். அதற்கு அவசரம் கூடாது.

அக்கா, எங்கள் பூட்டன் தூத்துக்குடி வழியாகத்தான் இலங்கைத் தோட்டத்துக்கு வந்தாராம். வேறு விபரம் ஒன்றும் தெரியாது. அடுத்த வருடம் இந்தியா வருகிறேன். அவர் கப்பல் ஏறிய இடத்தைப் பார்க்க முடியுமா?
— ஒரு வாசகி, ஹட்டன்

தங்கச்சி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

1914-ல் தனுஷ்கோடி வழி திறந்த பிறகு பெரும்பாலோர் மண்டபம் முகாம் வழியாகத்தான் போனார்கள். உங்கள் பூட்டன் தூத்துக்குடி வழி என்று வீட்டில் நினைவு இருக்கிறதென்றால், அதற்கு முந்தைய காலமாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது தட்டப்பாறை. மணியாச்சியிலிருந்து தூத்துக்குடி வருகிற ரயில் பாதையில் உள்ள சின்ன ஊர். தோட்டத்துக்குப் போகிறவர்களை நோய் இருக்கிறதா என்று பார்க்க அங்கேதான் முகாமில் நிறுத்தி வைத்தார்கள். 1876-ல் போட்ட பாதை அது. ஸ்டேஷன் இன்றும் இருக்கிறது. சுற்றிலும் உடைமரம்.

அங்கிருந்து ஊருக்குள் வந்து பீச் ரோடு, பழைய துறைமுகம். ஆழம் இல்லாத கடல் என்பதால் அந்தக் காலத்து நீராவிக் கப்பல் கரைக்கு வராது, பல மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். சாயங்காலம் ஏறினால் மறுநாள் காலை கொழும்பு. அதனால் அவர் கடைசியாகப் பார்த்தது, கரையை விட்டு அந்தப் படகில் போகும்போது கண்ணுக்குத் தெரிந்தவைதான். மாதா கோவில் அன்றும் அங்கேதான் இருந்தது.

இங்கிருந்து கொழும்புக்கு இப்போது பயணிகள் கப்பல் இல்லை. 2011-ல் சில மாதம் ஓடி நின்றுவிட்டது. நாகப்பட்டினம், காங்கேசன்துறை வழியாக வரலாம், அல்லது விமானம். எப்படி வந்தாலும் தேதியை முன்கூட்டி எழுதுங்கள். சாயங்காலம் தட்டப்பாறை, இருட்டுகிற நேரம் பீச் ரோடு, ராத்திரி எங்கள் வீட்டில் சாப்பாடு. வேன் வாடகை பற்றிப் பேச வேண்டாம்.